காருக்குப் புது ஸ்பீக்கர், ஆம்ப், சப் வூஃபர்: டெல்டா பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் யாராவது புதுக் கார் எடுத்தால், எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் நசுக்கி முடித்த கையோடு வரும் அடுத்த பேச்சு டேஷ்போர்டில் இருக்கும் செட்டு, அதாவது பாட்டுப் பெட்டி, பற்றியதுதான். எனக்கு இதில் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பது தெரிந்தவர்கள் வாட்ஸாப்பில் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, எண்ணைப் பார்த்துப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கம்பெனி செட்டே நல்லாத்தானே பாடுது, எதுக்கு மாத்தணும்?

நன்றாகப் பாடுகிறது என்று உங்களுக்குத் தோன்றினால் மாற்றவே வேண்டாம், அந்தப் பணம் நல்ல டயருக்கு ஆகும். சந்தேகம் இருந்தால் மட்டும் ஒன்று செய்து பாருங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் பாதி வால்யூமில் கேளுங்கள். அதே பாட்டை விக்கிரவாண்டி சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் கேளுங்கள். தபேலாவும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய், குரல் மட்டும் கிறீச்சென்று நிற்கிறதா, வால்யூமைக் கூட்டினால் டோர் நடுங்குகிறதா, அப்படியானால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

பொதுவாகக் கம்பெனி ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய காகிதக் கோனும், சின்ன மேக்னெட்டும், பிளாஸ்டிக் சட்டமும்தான் இருக்கும். கீழ்நிலை வேரியன்ட்களில் பலவற்றில் மேல் சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரே கிடையாது. கார் கம்பெனிக்காரன் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

2. அண்ணே, எதை முதல்ல மாத்தணும்? எல்லாரும் பெரிய ஆண்ட்ராய்டு டிஸ்ப்ளேதான் போடுறாங்க.

முன் டோர் ஸ்பீக்கர் இரண்டும், அவை உட்காரும் டோரும். அடுத்தது ஆம்ப், செட்டின் ஒலியை வலுவாக்கி ஸ்பீக்கருக்குத் தரும் தனிப் பெட்டி. அதற்கும் அடுத்தது சப் வூஃபர், தாழ்ந்த ஒலியான பாஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர். டிஸ்ப்ளே கடைசியில்தான், அதுவும் மேப், ரிவர்ஸ் கேமரா இதெல்லாம் தேவைப்பட்டால். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பலவற்றின் உள்ளே இருக்கும் ஆம்ப் கம்பெனி செட்டில் இருப்பதைவிட மட்டமாகவே இருக்கிறது. பத்தாயிரம் செலவு செய்து ஸ்கிரீன் பெரிதாகிவிட்டது, சத்தம் சுமாராகிவிட்டது என்று வந்து நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

கடையில் ஏன் டிஸ்ப்ளேயையே தள்ளுகிறார்கள் என்றால், கண்ணுக்குத் தெரிவது அதுதான். காரின் ஒயரோடு பொருந்தும் கப்ளரை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிடும். டோரைக் கழற்றி அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டுவது நாள் முழுக்க இழுக்கும் வேலை, வெளியே ஒன்றும் தெரியாது.

3. செட்டு பெட்டியிலயே 50 வாட் × 4 னு போட்டிருக்கே, 200 வாட் ஆச்சு. அப்புறம் தனியா ஆம்ப் எதுக்கு?

அது உச்சபட்சம் என்ற பெயரில் அச்சடிக்கிற கணக்கு. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். உள்ளே வோல்டேஜை உயர்த்தித் தரும் சப்ளை இல்லாத செட்டு, 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்குச் சிதைவு இல்லாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே சுமார் 26 வாட்தான். 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் வரும், நீங்களே போட்டுப் பார்க்கலாம். உள்ளே வீணாவது போக நிஜத்தில் ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட் கிடைக்கும். அட்டையில் தேட வேண்டிய எழுத்து ஆர்எம்எஸ், தொடர்ந்து தரக்கூடிய வாட் என்று அர்த்தம். அது போடாமல் வெறும் மேக்ஸ், பீக் என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்காமலே விட்டுவிடுங்கள்.

தனி ஆம்புக்குள் 12 வோல்டை உயர்த்தும் சப்ளை இருக்கிறது, அதனால்தான் அதே பேட்டரியிலிருந்து அதனால் 60, 75 வாட் சுத்தமாகத் தர முடிகிறது.

4. கோஆக்சியல், காம்பொனென்ட் ரெண்டுல எது வாங்கலாம்?

கோஆக்சியலில் ட்வீட்டர் பெரிய கோனின் நடுவிலேயே நிற்கும். காம்பொனென்ட்டில் ட்வீட்டர் தனி, மிட் பாஸ் எனும் பெரிய ஸ்பீக்கர் தனி, நடுவில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு கிராஸ்ஓவர் பெட்டி. ட்வீட்டரைக் கண்ணாடி ஓரமோ டேஷ்போர்டு மூலையிலோ வைத்தால் பாட்டு காலடியிலிருந்து எழுந்து முகத்துக்கு நேரே வரும். முன்பக்கத்துக்குக் காம்பொனென்ட், பின்பக்கத்துக்குக் கோஆக்சியல் என்பது நல்ல சேர்க்கை.

ஆனால் கையில் ஐந்தாயிரம்தான் இருக்கிறது, ஆம்ப் இப்போதைக்கு இல்லை என்றால், பெயர் தெரியாத காம்பொனென்ட்டைவிடப் பெயர் தெரிந்த கோஆக்சியல் மேல். செட்டின் 20 வாட்டிலேயே ஓட வேண்டியிருப்பதால் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபெல்லுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். மூன்று டெசிபெல் கூடுதல் சென்சிட்டிவிட்டி என்றால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

5. என் வண்டிக்கு என்ன சைஸ் சார் போகும்?

இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் முன் டோரில் 6.5 இன்ச் உட்காரும். சிலவற்றில் பின் டோரில் 5.25 இன்ச்தான் போகும். டிக்கி தனியாக உள்ள செடான்களில் பின் டிரேயில் 6×9 ஓவல் வைக்க இடம் இருக்கும். வட்டத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது, மேக்னெட் வரையிலான ஆழத்தையும் பாருங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கும்போது மேக்னெட்டில் இடித்தால் ஸ்பேசர் வளையம் போட்டு ஸ்பீக்கரை வெளியே தள்ள வேண்டும். அந்த வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டிய வளையம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊறிப் பருத்துவிடும்.

6. பின்னாடி பெருசா நாலு ஸ்பீக்கர் போட்டா சவுண்டு தூக்கும்னு கடையில சொல்றாங்களே?

தூக்கும், பின்னந்தலையில் அடிக்கும். கச்சேரிக்குப் போனால் வித்வானுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்காருவதில்லை. முன்பக்கத்துக்கே பணத்தைப் போடுங்கள். பின்னால் பிள்ளைகளும் பெரியவர்களும் அடிக்கடி வருகிறார்கள் என்றால் கம்பெனி ஸ்பீக்கரை அப்படியே விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தால் போதும்.

7. டோருக்கு ஷீட் ஒட்ட ஆறாயிரமா? ஸ்பீக்கர் விலையே அவ்வளவுதான், ஏமாத்துறாங்களா?

இல்லை, மொத்த வேலையிலும் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி இருக்கிறது, காரில் டோர்தான் பெட்டி. அந்தப் பெட்டி மெல்லிய தகரம், ஊரெல்லாம் ஓட்டை. கோன் முன்னால் தள்ளும் அதே காற்றைப் பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்து அலை ஓட்டை வழியாக முன்னால் வந்து கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாஸ் இல்லை, பாஸ் இல்லை என்று ஆம்பைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இந்த ஓட்டைதான்.

வேலை இரண்டு அடுக்கு. வெளித்தகரத்தின் உட்புறம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தட்டினால் டங்கென்று ஒலிக்கிற இடங்களிலும் ஷீட் ஒட்ட வேண்டும். முழுக்க மூட வேண்டியதில்லை, கால்வாசிப் பரப்பு மூடினாலே அதிர்வு நன்றாக அடங்கும். பிறகு உள்தகரத்தில் இருக்கும் பெரிய துவாரங்களை அடைக்க வேண்டும். ஒட்டிய ஷீட்டை ரோலரால் அழுத்தித் தேய்த்து, அலுமினியத் தாளின் மேல் உள்ள புடைப்பு மறையும் வரை உருட்டினால்தான் பிடிக்கும். கையால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த கோடையில் உரிந்து விழும்.

ஷீட் பியூட்டைல் ரப்பராக இருக்க வேண்டும், 2 மில்லிமீட்டர் போதும். விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை ஒட்டிவிட்டால், கத்திரி வெயிலில் பெருவுடையார் கோயில் பக்கம் ஒரு மத்தியானம் நிறுத்தி எடுத்த வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை வரும், வழியவும் செய்யும். ஒரு துண்டை வாங்கி வெயிலில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டோரின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை எந்தக் காரணத்துக்கும் மூடக் கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

8. மழைத் தண்ணி டோருக்குள்ள இறங்கும்னு சொல்றாங்க. ஸ்பீக்கர் ஊறிப்போயிடாதா?

தண்ணீர் இறங்குவது உண்மை, அது கோளாறும் கிடையாது. கண்ணாடி ஓரமாக வழியும் மழை டோருக்குள் இறங்கி அடித்துளை வழியாக வெளியேறும்படிதான் டோரே செய்யப்பட்டிருக்கிறது. அதனால்தான் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வேலை செய்கிறவர் அதைக் கிழித்து வீசிவிட்டால் தண்ணீர் உள்ளே வந்து கால் மேட் ஊறும், ஒரு வாரத்தில் வண்டி நாறும். ஒன்று அந்தத் தாள் திரும்ப ஒட்டப்பட வேண்டும், இல்லையென்றால் உள்தகரம் முழுக்க ஷீட்டால் மூடப்பட வேண்டும்.

கோன் பாலிப்ராப்பிலீன் அல்லது பூச்சு கொடுத்த காகிதமாக இருப்பது நம் பக்கத்துக்கு நல்லது. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் ஆட்களுக்கு உப்புக் காற்றும் சேர்கிறது. ஸ்பீக்கர் முனையில் வெறும் ஒயரைச் செருகி முறுக்கிவிட்டால் பச்சை பூத்துத் தொடர்பு போய்விடும். கிளிப் போட்டு, ஈயம் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை சுருக்கிவிடச் சொல்லுங்கள்.

9. புது ஸ்பீக்கர் போட்டேன் அண்ணே, முன்ன இருந்த பாஸ்கூட இப்ப இல்லையே!

பெரும்பாலும் ஒரு பக்கத்து ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு டோரின் கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால் பாஸ் செத்துவிடும். பாலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் பாஸ் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

அது சரியாக இருந்தால், ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், ஏழாவது பதிலில் சொன்ன ஓட்டைக் கதைதான். மூன்றாவது காரணம், சில கார்களில், தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கம்பெனி செட்டின் ஈக்வலைசரே அந்தப் பழைய ஸ்பீக்கரின் குறையை மூடுவதற்கு ஏற்றபடி உள்ளே வைக்கப்பட்டிருக்கும். புது ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. இதற்கு வழி 16வது பதிலில்.

10. புளூடூத்துல கேட்டா தரம் குறையும்கிறது நிஜமா?

கொஞ்சம் குறையும். ஆனால் யாரோ இறக்கி, யாரோ சுருக்கி, கைமாறிக் கைமாறி வந்த பென்டிரைவ் பாட்டைவிட நல்ல ஆப்பில் உயர்தரம் வைத்து புளூடூத்தில் கேட்பது எவ்வளவோ மேல். கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ ஓட்டினால் இன்னும் நல்லது. இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கு 64 கேபிபிஎஸ் எம்பி3 கொடுத்துவிட்டு ஸ்பீக்கரைத் திட்டக் கூடாது.

11. ஆம்ப் எத்தனை வாட்ல எடுக்கலாம்?

ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் என்னவோ அதை ஒட்டி. 60 வாட் ஸ்பீக்கருக்கு 50 முதல் 75 வாட் தரும் ஆம்ப் சரி. வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது, மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 60க்கும் 75க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பெரும்பாலும் சொல்வது ஒரே ஒரு நாலு சேனல் ஆம்ப். இரண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, சப் வூஃபருக்கு. பின் ஸ்பீக்கர் செட்டிலேயே ஓடட்டும். பிரிட்ஜ் செய்த சேனலுக்கு 4 ஓம் சப் போடுங்கள். இரண்டு 4 ஓம் சப்பை இணையாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும், பெரும்பாலான நாலு சேனல் ஆம்ப் பிரிட்ஜில் அதைத் தாங்காமல் சூடேறி நின்றுவிடும்.

12. இவ்வளவும் போட்டா பேட்டரி காலியாகிடாதா? பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குதுங்கறாங்க.

கணக்குப் பார்ப்போம். மொத்தம் 400 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன் என்றால் முழு வீச்சில் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். ஆனால் பாட்டு எப்போதும் முழு வீச்சில் இருக்காது, சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டரே பெரும்பாலும் 70 முதல் 90 ஆம்பியர் தரும். ஏசி, ஹெட்லைட், ஃபேன் போக இது தாங்கும். ஆயிரம் வாட் போட்டால்தான் கவலை. லைட் மங்குகிறது என்றால் முதலில் எர்த்தையும் (ஆம்பிலிருந்து வண்டித் தகரத்துக்குப் போகும் மைனஸ் ஒயர்) பேட்டரி முனையையும் பாருங்கள், பெரிய கெப்பாசிட்டர் வாங்கி மாட்டாதீர்கள். அது அழகுக்கு மின்னும், அவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பதுதான் பேட்டரியைக் கொல்லும். கல்யாண மண்டப வாசலில் டிக்கியைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் போட்டால், மறுவீடு போகும்போது மாப்பிள்ளை வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.

13. ஒயரிங் கிட் 600 ரூபாய்க்கும் இருக்கு, மூவாயிரத்துக்கும் இருக்கு. ஒயர்ல என்ன பெரிய வித்தியாசம்?

உள்ளே இருப்பது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பதுதான். இரண்டாவது வகை செம்பின் கடத்தும் திறனில் ஏறத்தாழ 65 சதவீதம்தான். நாலு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மேலே ரப்பர் தடிமனாகவும் உள்ளே கம்பி ஒல்லியாகவும் இருக்கும் கிட்டும் நிறைய வருகிறது. 8 கேஜ் என்றால் செம்பின் பரப்பு சுமார் 8 சதுர மில்லிமீட்டரும், 4 கேஜ் என்றால் சுமார் 21 சதுர மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். பதினோராவது பதிலில் சொன்ன ஆம்புக்கு அசல் செம்பில் 8 கேஜ் போதும், சின்ன ஏற்றத்துக்கு இடம் வேண்டும் என்றால் 4.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பது. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஒயரைக் காப்பது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து தகரத்தில் பட்டால், ஃபியூஸ் இல்லாத ஒயர் அடுப்புக் கம்பியாகச் சிவந்து வண்டியே எரியும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வாஷர் கட்டாயம்.

இன்னொன்று எலி. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் தெருவுக்கு வரும், நிறுத்தி வைத்த காரின் எஞ்சின் அறை கதகதப்பாக இருக்கும். அங்கே போகும் ஒயரை வளைகுழாயில் விட்டுக் கட்டச் சொல்லுங்கள், தை, மாசியில் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

14. ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல உய்ங்ங்னு ஒரு சத்தம் கூடவே ஏறுது.

ஆல்டர்னேட்டர் இரைச்சல். முக்கால்வாசி நேரம் எர்த் சரியில்லாததால் வருவது. ஆம்பின் மைனஸ் ஒயர் அரை மீட்டருக்குள், பிளஸ் ஒயரின் அதே தடிமனில், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகரத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சீட் போல்ட்டில் மாட்டிவிடுவார்கள், அதில் பெயின்ட்டும் பசையும் இருப்பதால் நம்ப முடியாது. சுரண்டிய இடத்தில் பிறகு கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் துரு பிடிக்காது.

எர்த் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். சத்தம் நின்றால் கோளாறு செட்டு பக்கமோ கேபிளிலோ. நிற்கவில்லை என்றால் ஆம்பின் பவர் பக்கம். ஆர்சிஏ ஒரு ஓரமாகவும் பவர் ஒயர் மறு ஓரமாகவும் போக வேண்டும். இரண்டையும் ஒரே மேட்டுக்கு அடியில் சுருட்டி விட்டிருந்தால் ஒருமுறை மேட்டைத் தூக்கிப் பிரிக்காமல் தீராது. போன் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள், சில நேரம் குற்றவாளி அதுதான்.

15. கெயினை எவ்வளவு வைக்கணும்? ஃபுல்லா வெச்சாதான் நல்லா அடிக்குது.

கெயின் வால்யூம் கிடையாது. செட்டிலிருந்து வரும் வோல்டேஜை ஆம்புக்குப் பொருத்தும் திருகு அது. முழுக்கத் திருகிவிட்டால் பத்து வால்யூமிலேயே ஆம்ப் உச்சத்தைத் தொட்டு, அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒலிதான் ட்வீட்டரைக் கருக்குவது.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை எளிது. ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள், ஃபில்டர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள், 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு செட்டு வால்யூமை முக்கால்வாசியில் நிறுத்துங்கள். வர வேண்டிய வோல்டேஜ், வாட்டை ஓமால் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 75 வாட், 4 ஓம் என்றால் 300ன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். ஏசி வோல்ட்டில் அது காட்டும்வரை கெயினை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். மீட்டர் இல்லாதவர்கள் குரல் கரகரக்கும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து நன்றாகக் கீழே இறக்கிவிடலாம்.

16. என் வண்டில ஸ்கிரீன்லயே ஏசி, கேமரா எல்லாம் இருக்கு, கழட்ட முடியாது. ஆம்ப் போட வழியே இல்லையா?

இருக்கிறது, கழற்றாமல் இருப்பதே நல்லது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரையே ஆம்பின் ஹை லெவல் இன்புட்டில் கொடுக்கலாம், இப்போது நிறைய ஆம்பில் அது உண்டு. இல்லாத ஆம்புக்கு, அந்த ஒயரின் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு லைன் அவுட் கன்வர்ட்டர் போட வேண்டும். ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்கென்று வரும் கப்ளர் வழியாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது பதிலில் சொன்ன கம்பெனி ஈக்வலைசர் தொல்லை இருந்தால், அல்லது வால்யூம் ஏற ஏறச் செட்டு தானாகவே பாஸைக் குறைத்தால், ஒலியை டிஜிட்டலாகச் சீர்செய்யும் டிஎஸ்பி வைத்த ஆம்ப் வாங்குவது சரி. எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் டைம் அலைன்மென்ட்டும் அதில் வரும். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம், வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் அதைவிட நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் போவது 34 சென்டிமீட்டர். வலது பக்கத்தை சுமார் 1.2 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்து நிற்கும். முதல்முறை கேட்பவர்கள் நடுவில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

17. சப் வூஃபர் போட்டா டிக்கி போயிடுமே, ஊருக்குப் போய் அரிசி மூட்டை எதுல ஏத்துறது?

அப்படியானால் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் சப். ஆம்ப் உள்ளேயே இருக்கும். டோர் ஸ்பீக்கர் விட்ட இடத்தை நிரப்பும், தெருவை அதிர வைக்காது. குடும்ப வண்டிக்கு இது போதும் என்பது என் கட்சி. ஆனால் தண்ணீர் தேங்கும் தெருவில் நிறுத்துபவர்கள் யோசியுங்கள், மழைக்காலத்தில் வண்டிக்குள் முதலில் நனைவது சீட்டுக்கு அடிதான்.

டிக்கியில் வைக்க இடம் உண்டு என்றால் மூடிய பெட்டியில் ஒரு 10 இன்ச். போர்ட், அதாவது காற்றுத் துவாரம், வைத்த பெட்டி சத்தம் அதிகம் தரும், ஆனால் பெரிதாகவும் இருக்கும், வடிவமைப்பு கொஞ்சம் தவறினாலும் ஒரே சுரத்தில் பூம் பூம் என்று ஊதும். தவில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மூடிய பெட்டியில், குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்து அடி விழுந்தவுடன் நிற்கும், வலந்தலையின் விரல் நடை தனியாகக் கேட்கும். மட்டமான போர்ட் பெட்டியில் எல்லாம் ஒரே உருட்டு. ஃபில்டரைச் சப்புக்கு 80 ஹெர்ட்ஸ் லோ பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை மட்டும் விடுவது), முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடுவது) என்று தொடங்குங்கள். டோர் ஸ்பீக்கருக்கு அந்தப் பாரம் குறைந்தாலே அது தெளிவாகப் பாடத் தொடங்கும்.

18. தம்பி, எல்லாம் நல்லா இருக்கு, நாதஸ்வரம் போட்டா மட்டும் காதைக் குத்துதே?

பெரியவர் ஒருவர் கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நாதஸ்வரம் திறந்த வெளிக்கும் கோயில் பிரகாரத்துக்கும் பிறந்த வாத்தியம். அதன் வலு நம் காது மிகவும் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கமும் நிறையவே விழுகிறது. அதே இடத்தில்தான் மலிவான ட்வீட்டர்களும் முட்டி நிற்கும், கண்ணாடியும் ஒலியைத் திருப்பி அடிக்கும். முதலில் ட்வீட்டரை நேராகக் காதைப் பார்க்க வைக்காமல் எதிர் சீட்டின் பக்கம் திருப்புங்கள். கிராஸ்ஓவர் பெட்டியில் ட்வீட்டரை 2 அல்லது 3 டெசிபெல் குறைக்க ஒரு ஜம்பர் இருந்தால் மாற்றுங்கள். ஈக்வலைசரில் 2,500, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள், டிரெபிளை மொத்தமாக வெட்ட வேண்டாம், வெட்டினால் ஜால்ராவும் சேர்ந்து செத்துவிடும்.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டுப் பதிவுகள் என்றால் வேறு எதிர்பார்ப்போடு கேளுங்கள். அந்தக் காலத் தட்டுகளில் அடி பாஸும் இல்லை, மேல் சுரங்களின் மினுமினுப்பும் இல்லை. எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் பதிவில் இல்லாதது வராது, தட்டின் சரசரப்புதான் தெளிவாகும். அதற்குக் கம்பெனி ஸ்பீக்கரே மரியாதையாக இருந்திருக்கும்.

19. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினதுக்கு அப்புறம் காரைக்கால் எஃப்எம் சரியா எடுக்கலை.

100.3ஐ விட முடியாதுதான். பல கார்களில் ஆன்டெனாவுக்குள் ஒரு பூஸ்டர் இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். புது ஸ்டீரியோவின் நீல ஆன்டெனா ஒயரை இணைக்காமல் விட்டிருப்பார்கள். இணைத்தும் கொரகொரத்தால், டேஷ்கேமையும் எல்இடி பல்பையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதே ஸ்டீரியோ இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரியை இறக்குகிறது என்றால், மஞ்சள், சிவப்பு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி நேரடி பேட்டரி லைனில் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் இருக்க வேண்டும்.

20. வாரன்ட்டி போயிடுமா? இன்சூரன்ஸ்ல வருமா?

வண்டி மொத்தத்துக்கும் வாரன்ட்டி போய்விடும் என்று பயமுறுத்துவது மிகை. ஆனால் ஒயரை வெட்டியிருந்தால், பிறகு வரும் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கெல்லாம் ஷோரூமில் அதையே காட்டுவார்கள். கப்ளர் வழியாகப் போட்டு, கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரைப் பத்திரமாகப் பரணில் வையுங்கள், வண்டியை விற்கும்போதும் உதவும்.

இன்சூரன்ஸில் தானாக வராது. வெளியே போட்ட எலக்ட்ரானிக் பொருள்களைப் பில்லோடு தெரிவித்து பாலிசியில் சேர்க்க வேண்டும். வழக்கமாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்தான், வெள்ளத்தில் போனால் மொத்தமும் போச்சு.

21. சத்தமா வெச்சா போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படுகிற இடங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேளுங்கள், யாருக்கும் தொந்தரவில்லை.

போலீஸைவிடக் காதுக்குப் பயப்படுங்கள். 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் போக மூன்று மணி நேரம் என்றால் 88க்குக் கீழே இருப்பது நல்லது, நூறு டெசிபெல்லில் கால் மணி நேரம்தான்.

22. வேலை முடிஞ்சு வண்டியை எடுக்கும்போது என்னென்ன பார்க்கணும்?

காசைக் கொடுப்பதற்கு முன் நாலு கண்ணாடியையும் முழுக்க இறக்கி ஏற்றுங்கள். சென்ட்ரல் லாக், கண்ணாடி மோட்டார், ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். டோர் பேடைத் தட்டினால் கலகலக்கக் கூடாது, கலகலத்தால் உள்ளே ஒரு கிளிப் உடைந்திருக்கிறது, புதுக் கிளிப் சில ரூபாய்தான், அங்கேயே போடச் சொல்லுங்கள். பாலன்ஸ் சோதனை ஒன்பதாவது பதிலில் இருக்கிறது. பேட்டரி பக்கத்து ஃபியூஸைக் கண்ணால் பாருங்கள், "உள்ளே இருக்கு சார்" என்று சொன்னால் வண்டியை எடுக்காதீர்கள். பிறகு டோர் மேல் பக்கெட்டில் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தண்ணீர் டோரின் அடியில் சொட்டினால் சரி, கால் வைக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் டோர் பேடைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.